டிரம்முக்குள் இருக்கும் அம்மாவின் சேலை

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் கோயில் டிரம் செட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என் இரண்டு பெண்களில் சின்னவள் பெரிய டிரம்மின் முன்னால் இருக்கும் ஓட்டைக்குள் கையை விட்டு, ஊதா நிறச் சேலை ஒன்றின் முந்தானையை வெளியே இழுத்துவிட்டாள்.

"அய்யா, அம்மா சேலை எதுக்கு இதுக்குள்ள கெடக்கு?"

"அது இருக்கட்டும். உள்ள தள்ளு" என்றேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் விடவில்லை. பெரியவளுக்கும் இந்தக் கதை பாதிதான் தெரியும். அதனால் இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதி வைக்கிறேன். நான் பத்தாவதைத் தாண்டாதவன். எழுத்தில் பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும். நடந்ததை நடந்தபடியேதான் எழுதுகிறேன்.

அப்போது சின்னவளுக்கு ஒன்றரை வயது. பெரியவள் இரண்டாம் வகுப்பு. அந்த வருடம்தான் உங்கள் அம்மாவுக்குக் கழுத்தில் கட்டி என்று மதுரையில் ஆபரேஷன் செய்தார்கள். கட்டி போய்விட்டது, கூடவே குரலும் போய்விட்டது. "நரம்பு அசந்திருக்கு. மெதுவாத் திரும்பும். எவ்வளவு திரும்பும்னு இப்பச் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். இரண்டு மாதம் அவள் வாயிலிருந்து காற்று மட்டும்தான் வந்தது. உங்களைக் கூப்பிட வேண்டுமென்றால் கையைத் தட்டுவாள். மூன்றாம் மாதம் ஒரு குரல் வந்தது. பழைய குரலில் கால் பங்கு இருக்கும். பழசு எப்படி என்று சின்னவளுக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே கோயில் திருவிழாப் பூசையில், ஆட்கள் வரிசையில் வந்து அப்பம் வாங்கும்போது வருகிற நற்கருணைப் பாட்டை உங்கள் அம்மாதான் தனியாகப் பாடுவாள். அவள் பாட ஆரம்பித்தால் வெளியே பொரிகடலை விற்கிறவர்கள்கூடத் தராசைக் கீழே வைத்துவிடுவார்கள்.

திருவிழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது முதல் ஒத்திகை. கீபோர்டு வாசிக்கிற டீச்சர்தான் எங்கள் பாடகர் குழுவுக்குத் தலைவி. உங்கள் தாய்மாமன், என் மச்சான், கிடார். நான் டிரம். கடலுக்குப் போகாத நாளில் எனக்கு அதுதான் வேலை. உங்கள் அம்மா மைக்கைப் பிடித்துப் பாடினாள். வாய் அசைந்தது தெரிந்தது, பாட்டு கேட்கவில்லை. மைக் சத்தத்தைக் கூட்டினால் ஸ்பீக்கர் பெட்டி 'கூ' என்று கத்தியது. எங்கள் கோயில் கான்கிரீட் கூரை, தரையெல்லாம் டைல்ஸ். ஒரு அடி அடித்தால் அது கூரைக்குப் போய், தரைக்கு வந்து, பீடத்துக்குப் போய்த்தான் அடங்கும்.

டீச்சர் எழுந்து வந்து மெதுவாகச் சொன்னார். "திருவிழாவுக்கு முந்தின நாள் கடைசி ஒத்திகை. அன்னைக்குக் கடைசிப் பெஞ்சுல உக்காந்து கேப்பேன். கேட்டா நீ பாடு. கேக்கலைன்னா இந்த வருசம் வேற பிள்ளை பாடட்டும். தப்பா நினைக்காதம்மா."

வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவிக்கொண்டே உங்கள் அம்மா சொன்னாள். "ஒரு தடவை வேற ஆளு பாடிட்டா அப்புறம் அது அவுக பாட்டுங்க. நான் அதோட நிப்பாட்டிக்கிருவேன். பாடகர் குழுப் பக்கமே வர மாட்டேன்."

அவள் சொன்னால் சொன்னதுதான் என்று உங்களுக்குத் தெரியும்.

"நான் டிரம் அடிக்கலைன்னு சொல்லிரட்டா?" என்று கேட்டேன்.

"சீக்குக்காரிக்காகக் கொட்ட நிப்பாட்டிட்டாகன்னு ஊரு சொல்லணுமா?" என்று திரும்பினாள். அப்புறம் கொஞ்சம் தணிந்து, "அது மட்டுமில்ல. முன்ன ரெண்டு வரிக்கு ஒரு மூச்சு போதும். இப்ப அரை வரி தாங்க மாட்டேங்குது. உங்க கொட்ட வச்சுத்தான் எங்கன மூச்சு எடுக்கணும்னு பிடிக்கிறேன். கொட்டு எனக்குக் கேக்கணும். ஆனா என்னை மறைக்கக் கூடாது" என்றாள்.

அந்த இரண்டு வாக்கியம்தான் எனக்கு வேலை. மூன்று வாரம் வேறு நினைப்பே இல்லை. வலை இழுக்கும்போதுகூட அதுதான்.

டிரம்மில் அடித்தால் இரண்டு சத்தம் வரும். முதலில் அடி. அதற்குப் பின்னால் வால் மாதிரி இழுத்துக்கொண்டே போகிற ரீங்காரம். அடியை வைத்துக்கொண்டு வாலை மட்டும் வெட்ட வேண்டும். முதலில் என் மணிபர்ஸை ஸ்நேர் மேல் வைத்துப் பார்த்தேன். ஸ்நேர் என்பது முழங்காலுக்கு நடுவில் இருக்குமே, கீழ்த்தோலில் கம்பிச் சரம் ஓடுமே, 'சிர்' என்று பேசுமே, அது. பாதிப் பாட்டில் பர்ஸ் நடந்துபோய்க் கீழே விழுந்தது. சிம்பல் தட்டுகளுக்கு அடியில் டேப் ஒட்டினேன். பக்கத்து டிரம்களுக்குச் சைக்கிள் டியூபை வெட்டித் துண்டு துண்டாக ஓரத்தில் ஒட்டினேன்.

மச்சான் வந்து சுற்றிப் பார்த்தார். "ஏ மாப்ள, டிரம்முக்கு என்ன சளியா? இம்புட்டுப் பத்துப் போட்டுருக்க?"

"சத்தம் குறையணும் மச்சான்."

"குறையும் குறையும். இன்னும் ரெண்டு டியூபு ஒட்டு, சைக்கிளாவே ஓட்டிட்டுப் போயிரலாம்."

சிரிப்பு வரவில்லை எனக்கு. பெரிய டிரம்தான் மிச்சம். காலால் மிதிக்கிற அது 'தும்' என்றால் கூரை வரை 'தும்ம்ம்' என்று போகும். அதற்குள் தலையணை வைக்கச் சொல்லி ராமநாதபுரத்தில் வாத்தியக் கடைக்காரர் சொன்னார். வீட்டில் இருந்ததே இரண்டு தலையணை. அப்போதுதான் படகில் ஐஸ் பெட்டியை மூடுகிற கம்பளி ஞாபகம் வந்தது. கனமான பழைய கம்பளி. கரையில் வலை காயப்போடுகிற கம்பின் மேல் மூன்று நாள் வெயிலில் போட்டேன். விறைத்து நின்றது. உதறினால் வெள்ளை வெள்ளையாகக் கொட்டியது.

உங்கள் அம்மா பார்த்துவிட்டு, "நல்ல தண்ணியில அலசுனீங்களா?" என்று கேட்டாள்.

"அப்பளமாக் காஞ்சு கெடக்கு. அலசி என்னத்துக்கு?"

கடலுக்குப் போகிற ஆளுக்கு உப்பு ஒட்டியிருப்பது அழுக்காகவே தெரியாது. வேட்டியில், தலைமுடியில், தோலில் எல்லாவற்றிலும் இருப்பதுதானே. கம்பளியின் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டினேன். ஸ்நேரின் மேல்தோலைக் கழற்றி, அந்தப் பட்டையை உள்பக்கம் டேப் போட்டு ஒட்டி, தோலைத் திரும்ப மாட்டினேன். மிச்சக் கம்பளியைப் பெரிய டிரம்முக்குள் திணித்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் கடைசி ஒத்திகை. நல்ல வெயில். டீச்சர் கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். நான் அடித்தேன். அடி மட்டும் வந்தது, வால் இல்லை. உங்கள் அம்மா பாடினாள். முடிந்ததும் டீச்சர் அங்கிருந்தே, "கேக்குதும்மா! வார்த்தை வார்த்தையாக் கேக்குது!" என்றார். உங்கள் அம்மா மைக்கைப் பிடித்தபடியே கண்ணை மூடிக்கொண்டாள். நான் என்னைப் பெரிய இஞ்சினியர் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு விடிவதற்கு முன் மழை. மத்தியானம் வரைக்கும் தூறல். அப்புறம் மழை நின்று ஈரமான கொண்டல் காற்று வீச ஆரம்பித்தது. சமையல்கட்டிலிருந்து உங்கள் அம்மா, "உப்பு ஜாடி கசிஞ்சு கெடக்கு. சாயந்தரம் திரும்ப மழை வரும்போல" என்றாள். சப்பரம் சுற்றுவதற்குள் வந்துவிடக் கூடாதே என்று மட்டும்தான் நான் நினைத்தேன்.

ஐந்தரை மணிப் பூசை. நாங்கள் போகும்போது கோயிலுக்குள் செபமாலை ஓடிக்கொண்டிருந்தது. அதனால் ஒரு தட்டுத் தட்டிப் பார்க்க முடியவில்லை. முன்னால் இடம் நிறைந்துவிட்டதால் பெரியவள் அத்தையோடு கடைசிப் பெஞ்சுக்குப் போனாள். சின்னவளைத் தூக்கம் அமுக்கிவிட்டது. அவளுக்கு விரிக்க எடுத்துப்போயிருந்த அம்மாவின் ஊதாச் சேலையை நாலாக மடித்து, எங்கள் காலடியில் பாயின் மேல் போட்டுப் படுக்கவைத்தோம்.

வருகைப் பாட்டு ஆரம்பித்தது. பெரிய டிரம்மை மிதித்தேன். 'தொப்' என்றது. ஈரச் சாக்கைத் தரையில் போட்ட மாதிரி. ஸ்நேரை அடித்தேன். 'சிர்' இல்லை, பலகையில் தட்டிய சத்தம். அடித்த அடி என் முட்டியோடு நின்றுவிட்டது.

மச்சான் கிடாரை விடாமல் சாய்ந்து, "என்னத்த மாப்ள அடிக்கிற, தலகாணியவா?" என்றார்.

எல்லாரும் சேர்ந்து பாடுகிற பாட்டு என்பதால் அது எப்படியோ போய்விட்டது. ஆனால் உங்கள் அம்மாவின் கை கழுத்துக்குப் போய்விட்டது. வாசகம் வாசிக்கும்போது என் பக்கம் குனிந்து, "எனக்கு ஒண்ணுமே கேக்கலங்க" என்றாள்.

பெரிய டிரம்மின் ஓட்டைக்குள் கையை விட்டேன். கம்பளி நனைந்து சொதசொதவென்று தோலில் ஒட்டிக் கிடந்தது. மழை உள்ளே வரவில்லை, யாரும் தண்ணீர் ஊற்றவும் இல்லை. விரலை வாயில் வைத்துப் பார்த்தேன். உப்பு. மத்தியானம் கசிந்து கிடந்த உப்பு ஜாடி அப்போதுதான் மண்டையில் உறைத்தது. கம்பளியில் இருந்த உப்பெல்லாம் விடியற்காலையிலிருந்து காற்றின் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஸ்நேருக்குள் ஒட்டிய பட்டையும் ஊறி, டேப் விட்டு, கீழ்த்தோலில் விழுந்திருக்க வேண்டும். அதுதான் கம்பிச் சரம் ஊமையாகிவிட்டது.

நற்கருணைப் பாட்டுக்கு முன்னால் இதைச் சரிசெய்தாக வேண்டும். சரிசெய்ய ஒரே நேரம் பிரசங்கம். அந்த நேரத்தில்தான் கோயிலில் ஊசி விழுந்தால்கூடக் கேட்கும்.

வெளியூரிலிருந்து பூசை வைக்க வந்த சாமியார் பிரசங்கத்துக்கு எழுந்தார். மச்சான் என் காதில், "இவரு பேச ஆரம்பிச்சா பாம்பன் பாலத்த நடந்தே தாண்டிரலாம். நீ பைய செய்யி" என்றார்.

பெரிய டிரம்முக்கு முன்னால் தரையில் மண்டியிட்டேன். கம்பளியின் நுனியைப் பிடித்து ஓட்டை வழியாக வலையை வாங்குகிற மாதிரி கை மாற்றிக் கை மாற்றி இழுத்தேன். ஒவ்வொரு இழுப்புக்கும் டிரம்மின் கால் தரையில் 'கிர்' என்றது. முன் வரிசையில் ஒரு அம்மா திரும்பி, சாமியாரைப் பார்த்துவிட்டுத் திரும்ப என்னைப் பார்த்தார். உங்கள் அம்மா டிரம்மின் காலில் தன் பாதத்தை வைத்து அமுக்கிக்கொண்டாள். கம்பளி முழுசும் வந்ததும் பிழியக்கூட நேரமில்லை, நாற்காலிக்கு அடியில் தள்ளினேன்.

அடுத்தது ஸ்நேர். அதன் மேல்தோலைச் சுற்றிப் பத்துத் திருகாணி. டிரம் சாவியைப் போட்டுத் திருப்பினேன். துருவில் 'கீச்' என்றது. சாமியார் ஒரு நொடி நிறுத்தினார். நான் சாவியை அப்படியே பிடித்துக்கொண்டேன். அவர் தொடர்ந்ததும் உங்கள் அம்மா தன் பின்னலில் விரலை ஓட்டி, எண்ணெயைத் தொட்டுத் திருகாணித் தலையில் தடவினாள். இரண்டாவது திருப்பு சத்தமில்லாமல் சுற்றியது. பத்துக்கும் தடவினாள். ஒவ்வொன்றையும் எத்தனை சுற்று கழற்றுகிறேன் என்று எண்ணிக்கொண்டேன். நாலு சுற்று. திரும்ப மாட்டும்போதும் அதே நாலு சுற்றுத்தான் போட வேண்டும். சரியாக இருக்கிறதா என்று தட்டிப் பார்க்க வழியில்லையே.

நினைத்தபடியே பட்டை கீழே ஈரமாகக் கிடந்தது. எடுத்தேன். தோலைத் திரும்ப வைத்து ஆறு திருகாணி முடுக்கியிருப்பேன். சாமியார் கூரையைப் பார்த்தார். "மேகம் இருட்டுது, சப்பரம் சுத்தணும். அதனால இன்னைக்குச் சுருக்கமா முடிச்சுக்கிறேன்" என்றார்.

மச்சான் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

எல்லாரும் எழுந்து விசுவாச அறிக்கையைச் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். அந்தச் சத்தத்தில் மிச்ச நாலையும் முடுக்கினேன். கடைசித் திருகாணிக்கு மூன்று சுற்றா நாலு சுற்றா என்று எண்ணிக்கை தவறிவிட்டது. என் கைக்குட்டையை மடித்து ஸ்நேரின் ஓரத்தில் வைத்து டேப் போட்டேன். பெரிய டிரம் இப்போது வெறும் வயிறு. மிதித்தால் கூரை இடிகிற மாதிரி கேட்கும். காணிக்கைப் பாட்டுக்கு டீச்சர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டிவிட்டேன். டிரம் இல்லாமல் அந்தப் பாட்டு போனது. திருவிழா அன்றைக்குக் கொட்டு இல்லையா என்று ஆட்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

பாட்டு முடிந்ததும் டீச்சர் என்னிடம் குனிந்தார். "தம்பி, டிரம் என்ன நிலைமையில இருக்குன்னு எனக்குத் தெரியல. நற்கருணைப் பாட்ட எல்லாரும் சேர்ந்தே பாடிருவோம். அவள இத்தனை பேரு முன்னால தனியா விட வேணாம்."

"ஒரே ஒரு தடவை விடுங்க டீச்சர்."

உங்கள் அம்மா பக்கத்தில்தான் நின்றாள். டீச்சர் அவளையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"முதல் வரி பாக்குறேன். கேக்கலைன்னா கைய உயத்துவேன். எல்லாரும் சேர்ந்துருவாக. சரியா?"

சரி என்றேன். வேறென்ன சொல்ல? பெரிய டிரம்முக்குள் வைக்கக் காய்ந்த துணி ஒன்று வேண்டும். சட்டையைக் கழற்றலாமா என்றுகூடப் பொத்தானில் கை வைத்துவிட்டேன். உங்கள் அம்மா குனிந்து, சின்னவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அந்த ஊதாச் சேலையைக் காலால் என் பக்கம் தள்ளினாள். குழந்தை படுத்திருந்த சூடு அதில் அப்படியே இருந்தது. மடிப்புக் கலையாமல் ஓட்டைக்குள் திணித்து, தோலைத் தொடுகிற அளவுக்குத் தள்ளிவிட்டேன். நற்கருணைக்கு ஆட்கள் வரிசையாக வர ஆரம்பித்துவிட்டார்கள்.

கீபோர்டு எடுத்தது. மச்சான் சேர்ந்தார். நான் மிதித்தேன். 'தும்.' அவ்வளவுதான், வால் இல்லை. ஸ்நேரை ஓரத்தில் மெதுவாகத் தொட்டேன். 'சிர்' என்றது. கடைசித் திருகாணி தளர்ந்திருக்கிறது போல, சுருதி சற்றுக் கீழே இருந்தது. இருக்கட்டும். உங்கள் அம்மா என்னைப் பார்த்துத் தலையை அசைத்தாள். அவளுக்குக் கேட்கிறது.

ஒரு கையில் மைக், இடுப்பில் குழந்தை. பாடினாள். சின்னவளே, நீ முழித்துக்கொண்டு மைக் வயரைப் பிடிக்கக் கையை நீட்டினாய். நீ அழுதால் எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அவள் பாடிக்கொண்டே மைக்கை மறுபக்கம் கொண்டுபோனாள். நான் டீச்சரின் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கை கீபோர்டை விட்டு மேலே வந்து நின்றது. முதல் வரி முடிகிறது. நாலாவது தட்டில் உங்கள் அம்மா மூச்சு எடுத்தாள். அந்தக் கை அங்கேயே நின்றது. இரண்டாவது வரி எடுத்தாள். கை மெதுவாக இறங்கிக் கட்டையில் உட்கார்ந்தது.

நடுவில் ஒரு இடம் மேலே ஏறும். அங்கே போனதும் குரல் உடைந்தது. நின்றுவிட்டது. பழைய ஆளாக இருந்தால் அந்த இடைவெளியை நான் உருட்டி அடித்து மூடியிருப்பேன். யாருக்கும் தெரியாமல் போயிருக்கும். கை அதற்குத்தான் ஓடியது. மூடினால் அவள் திரும்ப நுழைய வழி இருக்காது என்று கையைப் பிடித்து நிறுத்தினேன். ஒரு தட்டு மட்டும் கொடுத்தேன், இன்னொரு தட்டு கொடுத்தேன். அவள் எச்சிலைக் கூட்டி விழுங்கினாள். அடுத்த தட்டில் விட்ட இடத்திலேயே பிடித்தாள். கடைசி வரைக்கும் போனாள்.

பூசை முடிந்ததும் எல்லாரும் சப்பரத்துக்கு ஓடினார்கள். எங்களிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. டீச்சர் கீபோர்டைப் பையில் போட்டுக்கொண்டே, "தம்பி, அந்தக் கம்பளிய மொதல்ல வெளிய கொண்டுபோங்க. மீன் வாடை தாங்கல" என்றார்.

உங்கள் அம்மா என்னிடம் கேட்டாள். "கேட்டுச்சா?"

"நல்லாக் கேட்டுச்சு."

"நீங்க பக்கத்துல இருந்தீக. உங்களுக்குக் கேக்காம?"

"எனக்கும் கேட்டுச்சு தங்கச்சி" என்றார் மச்சான்.

"நீயும் பக்கத்துலதான இருந்த? பின்னால கேட்டுச்சான்னு யாரக் கேக்குறது?" என்றாள். முகம் இறுகியே இருந்தது. சின்னவளை இறக்கிவிடாமல் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் பெரியவளே, நீ அத்தை கையை விட்டுவிட்டுக் கடைசிப் பெஞ்சிலிருந்து ஓடி வந்தாய். வந்ததும் வராததுமாக, "அம்மா, பாட்டு நடுவுல எச்சி முழுங்குனியா?" என்று கேட்டாய்.

உங்கள் அம்மா உன்னை உற்றுப் பார்த்தாள். "உனக்கு எப்புடித் தெரியும்?"

"கேட்டுச்சே. 'ளக்'குன்னு."

"அம்புட்டுத் தூரத்துலயா?"

"ஆமா. அத்தைக்கும் கேட்டுச்சு. அம்மாக்குத் தண்ணி குடுக்கச் சொன்னாக."

உங்கள் அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். அந்தக் கால் பங்குக் குரலில் சிரிப்பு சரியாக வரவில்லை, காற்றும் இருமலுமாக வந்தது. சின்னவள் இடுப்பில் குலுங்கினாள். நான் நாற்காலிக்கு அடியிலிருந்து கம்பளியை இழுத்துக்கொண்டு வெளியே போனேன், தரையெல்லாம் உப்புத்தண்ணீர் சொட்டியது. திரும்பி வந்து துடைத்தேன்.

மறுநாள் சேலையை எடுத்து வரட்டுமா என்று கேட்டேன். "இருக்கட்டும். எனக்கு வேற சேலை இல்லையா?" என்றாள். அன்றிலிருந்து வருடத்துக்கு ஒரு தடவை, திருவிழாவுக்கு முந்தின வாரம், அதை எடுத்து நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி வீட்டுக்குள் காயவைத்துத் திரும்ப வைக்கிறேன். அலசினேனா என்று இன்றைக்கும் கேட்பாள். கம்பளி படகில்தான் இருக்கிறது, ஐஸ் பெட்டி மேல்.

சின்னவளே, அந்த முந்தானையை முழுசாக உள்ளே தள்ளினாயா என்று தெரியவில்லை. அடுத்த ஞாயிறு கொஞ்சம் சீக்கிரமே போய்ப் பார்க்க வேண்டும். நுனி வெளியே தொங்கினால் தோலில் உரசிச் சத்தம் வரும்.